மெமரி ஃபோமா, லேடெக்ஸா? மெத்தை வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

கடையில் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்து, ‘நல்லா மெத்துனு இருக்கு’ என்று தலையாட்டுகிறோமே, முதல் தவறு அங்கேதான். உள்ளங்கைக்குத் தெரிவது மேல்பரப்பு மட்டும். தோளும் இடுப்பும் எவ்வளவு இறங்குகின்றன என்பது படுத்தால்தான் தெரியும். அதிலும் மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகுவது. படுத்தவுடன் ஒரு மாதிரி இருக்கும், பத்து நிமிடம் கழித்து வேறு மாதிரி இருக்கும். குளிரான அறையில் இன்னும் கெட்டியாகத் தெரியும். ரப்பர் நுரையான லேடெக்ஸ் அப்படி மாறாது. அழுத்தியதும் எதிர்த்துத் தள்ளும். கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாகத் தூங்கும் பக்கமாகவே கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் பெயரில் இருக்கிறது. ‘மெமரி ஃபோம் மெத்தை’ என்று எழுதியிருக்கும். மொத்த உயரம் 20 சென்டிமீட்டர் இருக்கும். அதில் மெமரி ஃபோம் மேலே வெறும் 3 சென்டிமீட்டராகவும், மீதி சாதாரண ஃபோமாகவும் இருக்கலாம். அடியில் சாதாரண ஃபோம் வைப்பது தப்பில்லை, மெமரி ஃபோமைத் தாங்க அது வேண்டும்தான். ஆனால் எந்த அடுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்காமல் பணம் கொடுப்பதுதான் தப்பு. லேடெக்ஸிலும் இதே கதைதான். ரப்பர் மரப் பாலில் செய்ததும் லேடெக்ஸ், பெட்ரோலியத்திலிருந்து வந்த செயற்கை ரப்பரும் லேடெக்ஸ், இரண்டும் கலந்ததும் லேடெக்ஸ். ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். 1966-ல் நாசாவுக்காக இந்த ஃபோம் உருவானது உண்மை, ஆனால் அது விமான இருக்கைகளுக்காக!

அடர்த்தியையும் கெட்டித்தன்மையையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. அடர்த்தி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பது. அதிக அடர்த்தியுள்ள ஃபோம் மிருதுவாகவும் இருக்கலாம். அடர்த்தி முக்கியமாகச் சொல்வது உழைப்பைத்தான்; மெமரி ஃபோமில் 50 கிலோவுக்குக் குறைந்தால் நான் யோசிப்பேன், சீக்கிரம் குழி விழும்.

அப்புறம், முதுகுவலி என்றாலே பலகை மாதிரி மெத்தை தேடுவது. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட அடிமுதுகுவலி உள்ள 313 பேரைக் கவனித்தார்கள். மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோள் சற்று அமிழ வேண்டும். குப்புறப் படுப்பவர்களுக்கு இடுப்பு அமிழவே கூடாது.

இரவில் வியர்ப்பவர் மெமரி ஃபோமை யோசித்தே வாங்க வேண்டும். உடலை ஒட்டி அணைப்பதால் சூடு தங்கும். லேடெக்ஸில் காற்று கொஞ்சம் தாராளமாகப் போய்வரும். பக்கத்தில் படுப்பவர் புரண்டால் விழித்துக்கொள்கிறவருக்கோ மெமரி ஃபோம்தான் வரம், அந்த அசைவை அது அப்படியே விழுங்கிவிடும். ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு வருகிறவர் லேடெக்ஸ் வாங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

வாங்கிய பிறகும் தவறுகள் உண்டு. பஞ்சு மெத்தைப் பழக்கத்தில் லேடெக்ஸை வெயிலில் காயப்போடாதீர்கள்; வெயில் பட்டால் ரப்பர் காய்ந்து பொடிந்துபோகும். நிழலில் காற்றாட வைத்தால் போதும். புது மெமரி ஃபோமின் வாசனைக்குப் பயந்து உடனே திருப்பி அனுப்பவும் வேண்டாம், சன்னலைத் திறந்து சில நாள் விட்டால் பெரும்பாலும் போய்விடும். கட்டிலில் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றால், எந்த மெத்தையும் அதற்குள் தொங்கத் தொடங்கும். லேடெக்ஸ் நல்ல கனம் வேறு. மாடிப்படி குறுகலாக இருந்தால், தூக்க இரண்டு பேரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.