உங்களுக்கும் ஒரு படக்கதை
பினாங்கு சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஜெருக் (ஊறுகாய்) வாங்கியதும் அப்படியே திரும்பிவிடாதீர்கள். மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. சிறுவர் புத்தகம் ஒன்றை உங்களுக்காகவே எடுங்கள். "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டால் "52" என்று சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன்.

படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம்தான்; தூங்கப் போகுமுன் முடித்துவிடலாம். முதலில் எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் புரட்டுங்கள். கதையில் பேரே வராத பூனை ஒன்று மூலையில் தனியாக ஏதாவது செய்துகொண்டிருக்கும். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள், மலாய்ப் புத்தகமானாலும் சரி. வாங்கும்போது கடைசித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கிரேயான் கிறுக்கல் பரவாயில்லை.