துலூஸில் ஒரு பழைய மாளிகையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிரெஞ்சு ஊர்களில் ‘ஓத்தெல்’ என்று பலகை இருந்தால் அது தங்கும் விடுதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இட்லி கிடைக்கும் இடம் நிச்சயமாக இல்லை. நகராட்சி அலுவலகம் ‘ஓத்தெல் த வீல்’. பழைய மருத்துவமனை ‘ஓத்தெல் தியூ’. வசதியான ஒருவர் நகரத்துக்குள் தன் குடும்பத்துக்கென்று கட்டிக்கொண்ட மாளிகை ‘ஓத்தெல் பர்த்திக்குலியே’. இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இப்படிப்பட்ட மாளிகைகளில் பலவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவிலிருந்து பெரிய மரக்கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தென்மேற்குப் பிரான்சில் உள்ள துலூஸ் நகரத்து ‘ஓத்தெல் தசெஸா’. முற்றத்துக்குள் போகக் காசு வேண்டாம். மாடியில் அருங்காட்சியகம் இருப்பதால் வீட்டுக்குள்ளும் போகலாம்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

உள்ளே இருக்கும் பெம்பெர்க் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நான் முதல்முறை போனது ஒரு திங்கட்கிழமை. யாரையும் குறை சொல்ல முடியாது, நான்தான் பார்க்கவில்லை. டிக்கெட் விலை, நேரம் இரண்டும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: போய்ச் சேருவது

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் நாலரை மணி நேரம் ஆகும். துலூஸ் ரயில் நிலையத்தில் இறங்கியதும் மெட்ரோ ‘ஏ’ வழித்தடத்தில் ஏறி மூன்றாவது நிறுத்தமான எஸ்கிரோலில் இறங்குங்கள். அங்கிருந்து ரூ த மெஸ் தெருவில் ஆற்றை நோக்கிச் சில நிமிட நடை. பாலத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் மாளிகையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 3: நீலத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இந்தப் படியைத் தவிர்த்தால் நீங்கள் பார்ப்பது வெறும் செங்கல்லும் கல்லும்தான். இந்த வீடு எழுந்தது சாயக் காசில்.

துலூஸைச் சுற்றியுள்ள வயல்களில் ‘பஸ்தெல்’ என்ற மஞ்சள் பூச்செடி பயிரானது. பூ மஞ்சள்தான், ஆனால் இலையிலிருந்து வருவது நீலம். இலையை அரைத்து, கொழுக்கட்டை பிடிப்பதுபோல உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள். அப்புறம் அந்த உருண்டைகளை உடைத்து நனைத்துப் புளிக்க விடுவார்கள். வாடை தாங்காது. சாயத்தொட்டியிலிருந்து துணியை எடுக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் படப்பட, கண் முன்னாலேயே நீலமாக மாறும். உருண்டைக்குப் பெயர் ‘கொக்காஞ்’. பிரெஞ்சுக்காரர்கள் செல்வம் கொழிக்கும் நாட்டைக் ‘கொக்காஞ் நாடு’ என்பார்கள். அந்தப் பேர் இந்த உருண்டையிலிருந்து வந்தது என்று துலூஸ்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டைக் கட்டிய பியேர் தசெஸா இந்தச் சாய வியாபாரி. 1552-ல் ‘கப்பித்தூல்’ ஆனார், அதாவது நகரத்தை ஆண்ட மன்றத்தின் உறுப்பினர். அந்தப் பதவியோடு பிரபுப் பட்டமும் வரும். 1555-ல் நிக்கோலா பாஷெலியே என்ற கட்டடக் கலைஞரை வைத்து வேலையைத் தொடங்கினார். வேலை பாதியில் இருக்கும்போதே பாஷெலியே இறந்துபோனார். அடுத்து 1562-ல் மதச் சண்டை. தசெஸா புராட்டஸ்டண்ட் பக்கம் சாய்ந்திருந்தார், ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பிறகு கத்தோலிக்க மதத்துக்குத் திரும்பித்தான் ஊருக்குள் வர முடிந்தது. அதற்குள் பஸ்தெல் வியாபாரமும் சரிந்துகொண்டிருந்தது. கடைசி அடி கொடுத்தது இந்தியாவிலிருந்து கப்பலில் போன நம் அவுரி நீலம். இரண்டு இலையிலும் நீலம் தரும் பொருள் ஒன்றுதான், ஆனால் அவுரியில் அது பல மடங்கு அதிகம். 1609-ல் மன்னர் நான்காம் ஹென்றி அவுரிச் சாயம் பயன்படுத்தினால் மரண தண்டனை என்றுகூட ஆணை போட்டுப் பார்த்தார். அப்படியும் பஸ்தெலைக் காப்பாற்ற முடியவில்லை. பிற்காலத்தில் புதுச்சேரியிலிருந்து அதே அவுரியில் தோய்த்த நீலத் துணியைப் பிரெஞ்சுக்காரர்களே மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள்.

படி 4: முற்றத்தில் அரை மணி நேரம்

டிக்கெட் வாங்க ஓடாதீர்கள். முற்றத்தின் நடுவில் போய் நில்லுங்கள்.

வீட்டின் இரண்டு பகுதிகள் ‘ட’ எழுத்துபோல ஒரு மூலையில் சேர்கின்றன. அந்த மூலையில் கோபுரம், அதற்குள் படிக்கட்டு. மாடிக்கு ஏற ஒரு படிக்கட்டு போதுமே, இவ்வளவு உயரம் எதற்கு என்று தோன்றும். ‘நான் கப்பித்தூல்’ என்று ஊருக்குச் சொல்லத்தான். துலூஸின் கூரைகளுக்கு மேலே தலைநீட்டும் இப்படிப்பட்ட கோபுரம் அன்று ஒரு பதவிப் பலகை மாதிரி.

இப்போது தூண்களைக் கீழிருந்து மேலே பாருங்கள். இரண்டிரண்டாக நிற்கின்றன. கீழ்த்தளத்தில் தூணின் தலை வெறுமையாக இருக்கும், அது டோரிக். நடுத்தளத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருள், அது அயோனிக். மேல்தளத்தில் இலைக்கொத்து, அது கொரிந்தியன். இந்த மூன்றையும் இங்கே ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் ஐரோப்பாவில் எந்த ஊருக்குப் போனாலும் உதவும்.

அடுத்து ஜன்னல்கள். கீழே இரண்டு தளங்களிலும் வளைவுக்குள் சதுர ஜன்னல். மேல்தளத்தில் அது தலைகீழ், சதுரத்துக்குள் வளைவு ஜன்னல். எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். யாரும் சொல்லாமல் கண்டுபிடித்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். உங்களுக்கு அந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

சுவர் செங்கல், தூணும் அலங்காரமும் கல். துலூஸ் செங்கல் ஊர். பக்கத்தில் நல்ல கல் கிடைக்காது, தூரத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஆகவே ஒரு வீட்டில் எவ்வளவு கல் தெரிகிறதோ, அவ்வளவு காசு.

கடைசியாக, நீங்கள் நுழைந்த வாசல் பக்கம் திரும்புங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அங்கே வளைவுகளோடு ஒரு திறந்த மண்டபம் இருக்கிறது. அது பாஷெலியேவின் மகன் தொமினிக் காலத்து வேலை. இன்னொரு பக்கத்தில் அறைகளே கிடையாது, ஒரு சுவர்தான். அதில் பெரிய தாங்குகற்களின் மேல் ஒரு நடைபாதையை ஒட்டவைத்திருக்கிறார்கள். நினைத்தபடி கட்டி முடிக்காத வீடு இது என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் புரியும்.

படி 5: உள்ளே

அர்ஜென்டினாக்காரரான ஜார்ஜ் பெம்பெர்க் சேர்த்த ஓவியங்களும் மரச்சாமான்களும் 1995 முதல் இங்கே இருக்கின்றன. சில அறைகளை வீடு மாதிரியே அலங்கரித்திருக்கிறார்கள். அறை அறையாக எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் வலிக்கும். என் பேச்சைக் கேட்டால், வெனிஸ் காட்சிகளையும் ஜெர்மன் ஓவியர் கிரானாக்கின் படங்களையும் பார்த்துவிட்டு நேராகப் பிரெஞ்சு ஓவியர் பொன்னாரின் படங்களுக்குப் போய்விடுங்கள். அவருடைய படங்கள் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. நடுவில் ஜன்னல் வழியாக முற்றத்தை எட்டிப் பாருங்கள். கீழிருந்து பார்த்த தூண்தலைகள் இப்போது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இதே கட்டடத்தில்தான் ‘மலர் விளையாட்டு’ இலக்கியக் கழகமும் இருக்கிறது. 1323-ல் தொடங்கியது. கவிஞர்களுக்குப் பரிசாகப் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த பூக்களைக் கொடுப்பார்கள்.

படி 6: வெளியே வந்த பிறகு

நேரம் இருந்தால் ரூ த லா தால்பாத் தெருவுக்கு நடந்து போய் ‘கல் மாளிகை’யைப் பாருங்கள். செங்கல் ஊரில் தெருப்பக்கம் முழுக்கக் கல்லில் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அந்தப் பெயர். இன்னொரு சாய வியாபாரியின் மாளிகையான ஓத்தெல் த பெர்னுய் இன்று பள்ளிக்கூடம்.

மூடிய கதவுகளுக்குள் போக வேண்டும் என்றால் செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் வாருங்கள். அது பாரம்பரிய நாட்கள். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் பல கட்டடங்கள் அன்று திறந்திருக்கும். வேறு நாளில் வழியில் ஏதாவது ஒரு மரக்கதவு பாதி திறந்திருந்தால் வாசலிலேயே நின்று, உள்ளே யாராவது தெரிந்தால் முதலில் ‘போன்ஷூர்’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேமராவைத் தூக்கினால் கதவைச் சாத்திவிடுவார்கள். சொன்னால், சிலசமயம் கையசைத்து உள்ளே வரச் சொல்வார்கள்.