பால்மாப் பேணி முதல் பருப்புச் சோறு வரை: பிரித்தானியாவில் குறைந்த காசில் கைக்குழந்தை வளர்க்க

இங்கே சுப்பர்மார்க்கெட்டில் பால்மாப் பேணிகளுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு மாட்டி வைத்திருப்பதைப் பார்த்தாலே விலை என்ன நிலைமையில் இருக்கிறது என்று விளங்கிவிடும். புதிதாக வந்த குடும்பங்கள் பெரும்பாலும் அந்தத் தட்டில் அதிக விலைப் பேணியைத்தான் எடுக்கின்றன. பிள்ளையின் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்ற எண்ணம், அல்லது ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கொடுத்தார்கள் என்ற நினைப்பு. அந்தக் காசு வீண்.

பிறந்த நாளில் இருந்து கொடுக்கும் பால்மாவை இங்கே ‘ஃபர்ஸ்ட் இன்ஃபன்ட் மில்க்’ என்பார்கள். பேணியில் பெரிதாக 1 என்று போட்டிருக்கும். அதில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைச் சட்டமே வகுத்திருக்கிறது. ஏழு பவுண் பேணியும் பதினைந்து பவுண் பேணியும் அந்த ஒரே சட்டத்துக்கு உட்பட்டவைதான். எந்தக் கம்பனி என்பது முக்கியமில்லை என்று அரச சுகாதார சேவையான என்எச்எஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. 2025இல் ஆல்டி கடையின் சொந்தப் பால்மாவான மாமியா 800 கிராம் பேணி ஏழு பவுண் அளவில் இருந்தபோது, பெயர்பெற்ற அப்டமில் அதைப்போல இரண்டு மடங்கு விலையில் இருந்தது. போட்டி, சந்தைகள் தொடர்பான அரச அமைப்பு 2025 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், பெயர்பெற்ற பால்மாவில் இருந்து மலிவானதுக்கு மாறினால் முதல் வருடத்தில் ஏறத்தாழ 300 பவுண் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குக் காட்டியது. அப்டமிலையும் கவ் அண்ட் கேற்றையும் செய்வது ஒரே டனோன் கம்பனிதான் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

மலிவு விலை நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம். முதல் பால்மாவுக்கு விலைக்கழிவு, கூப்பன், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ போன்ற விளம்பரச் சலுகைகள் கொடுக்க இங்கே சட்டம் விடாது. ஆனால் 2 என்று போட்ட ‘ஃபொலோ ஒன்’ பாலை விளம்பரம் செய்யலாம். தொலைக்காட்சியில் வருவதெல்லாம் அதுதான். ஆறு மாதம் ஆனதும் 2க்கு மாறவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். தேவையே இல்லை. ஒரு வயது வரைக்கும் 1 போதும். அதற்குப் பிறகு சாதாரண மாட்டுப்பால். 3, 4 என்று வரும் ‘டொட்லர்’ பால்களும், இரவில் நன்றாகத் தூங்கும் என்று சொல்லி விற்கும் ‘ஹங்ரி பேபி’ பாலும் அப்படித்தான், காசை மிச்சம் பிடியுங்கள். ஒரு கம்பனிப் பாலில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் பிள்ளைக்கு ஒத்துவராது என்று பயப்படவும் தேவையில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மலத்தில் இரத்தம், கடும் தோல் அழற்சி, ஓயாத வாந்தி என்றால் மாட்டுப்பால் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கான விசேஷ பால்மாவைக் கடையில் தேடி வாங்காதீர்கள், சோயாப் பாலுக்கும் நீங்களாகப் போகாதீர்கள். டொக்டரிடம் போனால், தேவை என்று கண்டால் அவரே மருந்துச்சீட்டில் எழுதித் தருவார். பிள்ளைகளுக்கு மருந்துச்சீட்டுக்குக் காசு இல்லை. டொக்டரிடம் பதிய விசாவும் முகவரி அத்தாட்சியும் கட்டாயம் இல்லை. வரவேற்பில் கேட்டால், அவை என்னிடம் இல்லை என்று சொல்லலாம்.

ஊர்ப் பழக்கத்தில் வரும் ஒரு ஆபத்தையும் சொல்லவேண்டும். தமிழ்க் கடைகளில் பையிலும் பேணியிலும் இருக்கும் ஆங்கர், நெஸ்பிரே போன்ற பால்மா தேத்தண்ணிக்கு உரியது. கைக்குழந்தைக்கு அது ஆகாது. ரின்பாலைக் கரைத்துக் கொடுப்பது, அரிசிப்பால், ஓட்ஸ்பால், ஆட்டுப்பால் எதுவும் முதல் வருடத்தில் பால்மாவுக்கு ஈடாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 மில்லிலீற்றர் பால் ஒரு நாளைக்குத் தேவைப்படும். ஆறு கிலோப் பிள்ளை என்றால் குறைந்தது 900 மில்லிலீற்றர். 800 கிராம் பேணி ஒன்றில் கிட்டத்தட்ட ஆறு லீற்றர் பால் கரைக்கலாம். அதாவது பேணி ஒரு கிழமைக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். மாதம் குறைந்தது நான்கரைப் பேணி என்று ஒதுக்கி வையுங்கள். கரைத்து விற்கும் போத்தல் பால் மாவைவிடப் பலமடங்கு விலை, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

மாதக் கடைசியில் காசு முடிந்து, ஒரு கரண்டி குறைத்துப் போட்டுச் சமாளிக்கிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து அதை மட்டும் செய்யவேண்டாம். தண்ணீர் கூடினால் பிள்ளைக்குச் சத்தும் போதாது, இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். மா கூடினாலும் நீரிழப்பும் மலச்சிக்கலும். முதலில் தண்ணீர், பிறகு பேணிக்குள் இருக்கும் கரண்டியால் தட்டையாக வழித்த அளவு மா. குழாய்த் தண்ணீரே நல்லது. போத்தல் தண்ணீர் வாங்கவேண்டாம். கேத்திலில் ஒரு லீற்றராவது கொதிக்கவைத்து, அரைமணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் கரைக்கவேண்டும். மாவுக்குள் கிருமி இருக்கலாம், 70 பாகையில்தான் அது சாகும். கரைத்தபின் போத்தலைக் குளிர்தண்ணீரில் பிடித்து ஆற்றிக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதை வைத்து மறுபடி கொடுக்காதீர்கள், அந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்கமுடியாது. நீராவிக் கருவியும் வேண்டாம்: போத்தல்களைப் பானையில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் சரி.

வட்ஸ்அப் குழுக்களில் ‘பாதி பாவித்த பேணி இலவசம்’ என்று போடுவார்கள். உடைத்த பேணி வாங்காதீர்கள். உடைத்து நாலு கிழமைக்குள் முடிக்கவேண்டிய சாமான் அது, எப்போது உடைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

தாய்ப்பால் கொடுக்கமுடிந்தால் செலவு மிகக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடியாதவரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. ஆனால் ‘பால் காணாது’ என்று உறவினர் சொன்ன உடனே பேணிக்குப் போகமுதல் மிட்வைஃபிடமோ (பிரசவத் தாதி) ஹெல்த் விசிட்டரிடமோ (குழந்தையைப் பார்க்கும் சுகாதாரத் தாதி) ஒருதடவை காட்டுங்கள்; பிள்ளை பிடிக்கும் விதத்தைச் சரிசெய்தாலே பல நேரம் போதும். 0300 100 0212 என்ற தாய்ப்பால் உதவி இலக்கத்துக்கும் கதைக்கலாம். சரக்குத்தண்ணியும் உள்ளிப் பத்தியமும் குடிக்கலாம், தடையில்லை. பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதால்தான். சுறாப்புட்டு மட்டும் கிழமைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். சுறாவில் பாதரசம் அதிகம் என்பதால் பாலூட்டும் தாய்க்கு என்எச்எஸ் வைத்திருக்கும் எல்லை அது. கர்ப்பிணிக்கும் பிள்ளைகளுக்கும் சுறா அறவே கூடாது.

காசு எங்கே கிடைக்கும்?

இது விசாவைப் பொறுத்தது. ஒருவருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைத்து விண்ணப்பிக்கவேண்டாம்.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் எடுப்பவர்கள், வேலையால் வீட்டுக்கு வரும் வருமானம் மாதம் 408 பவுணோ அதற்குக் குறைவோ என்றால், பாலும் சத்துணவும் வாங்கக் காசு ஏற்றித் தரும் ‘ஹெல்தி ஸ்டார்ட்’ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு. ஸ்கொட்லாந்தில் ‘பெஸ்ட் ஸ்டார்ட் ஃபூட்ஸ்’ என்று வேறு திட்டம். கர்ப்பத்தின் பத்தாவது கிழமையில் இருந்து எடுக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கிழமைக்கு 8.50 பவுண் என்று இருந்ததை 2026 ஏப்ரலில் இருந்து 9.30 ஆக்குவதாக அரசு அறிவித்தது. மாட்டுப்பாலில் செய்த முதல் பால்மா, பால், பழம், மரக்கறி, பருப்பு வகைகள் வாங்கலாம். மலிவான பேணி என்றால் அந்தக் கிழமைப் பால் இதற்குள் அடங்கிவிடும், விலை கூடிய பேணி என்றால் பாதிதான். விற்றமின் துளிகளும் இதில் இலவசம்.

அட்டை தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பிக்கவேண்டும். பெயரும் முகவரியும் யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முன்னுக்கும் இன்னொன்றில் பின்னுக்கும் இருப்பது நம் ஆட்களுக்கு வழக்கம்தானே. நிராகரித்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மாணவர் விசா, கெயார் வேலை விசா, துணை விசா போன்றவற்றில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’, அதாவது அரச பொதுநிதி எடுக்கக்கூடாது, என்று இருக்கும். யூனிவர்சல் கிரெடிட், பிள்ளைக்கான உதவிப்பணமான சைல்ட் பெனிஃபிட் எல்லாம் அந்தப் பொதுநிதிக்குள் வருபவை. எடுத்தால் விசாவுக்கே ஆபத்து. ஆனால் அந்த நிலையிலும், நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பிரித்தானியக் குடிமகனாக இருந்து, மாத வருமானம் 408 பவுணுக்கு மேல் இல்லை என்றால் ஹெல்தி ஸ்டார்ட் கேட்கலாம். இங்கே பிறந்தால் மட்டும் பிள்ளை குடிமகன் ஆகிவிடாது. பிறக்கும்போது தாயோ தகப்பனோ குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றிருக்கவேண்டும்.

அகதி விண்ணப்பம் போட்டு ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) உதவியில் இருப்பவர்களுக்கு, வழமையான கிழமைத் தொகையோடு, 2025 கணக்குப்படி ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 9.50 பவுணும் கர்ப்பிணிக்கு 5.25 பவுணும் மேலதிகமாக உண்டு. பிரசவத்துக்கு முந்திய எட்டுக் கிழமைக்குள், அல்லது பிறந்து ஆறு கிழமைக்குள் கேட்டால் ஒருதடவை 300 பவுண் மகப்பேற்றுத் தொகையும் கிடைக்கும். கேட்காவிட்டால் போய்விடும். மைக்ரன்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனம் ஊடாகக் கேளுங்கள்.

எதுவுமே இல்லாத நிலையில் பேணி முடியப்போகிறது என்றால், முடியும்வரை காத்திராமல் ஹெல்த் விசிட்டரிடம் சொல்லுங்கள். எல்லா உணவு வங்கியிலும் பால்மா இராது, எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தேவையில் இருக்கும் பிள்ளைக்கு உள்ளூர்க் கவுன்சில் உதவலாம். பொதுநிதித் தடை இருந்தாலும் அந்த வழி மூடவில்லை. ‘காசில்லை என்று சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள்’ என்று நம்மிடையே ஒரு பயம் இருக்கிறது. வறுமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி அப்படிச் செய்வதில்லை. தண்ணீர் கலந்த பாலைக் கொடுத்துக்கொண்டு மறைப்பதில்தான் ஆபத்து. உடுப்பு, தள்ளுவண்டி, கட்டிலுக்கு லண்டனில் லிட்டில் வில்லேஜ் போன்ற, பிள்ளைச் சாமான்களைச் சும்மா கொடுக்கும் ‘பேபி பாங்க்’குகள் இருக்கின்றன. மிட்வைஃபோ ஹெல்த் விசிட்டரோ எழுதி அனுப்புவார்.

சோறு தீத்தத் தொடங்கும்போது

நாலாம் மாதமே ஊரில் இருந்து தொலைபேசி வரும்: பிள்ளை இரவில் அழுகிறதாம், கஞ்சி கொடுக்கச் சொல்லி. இரவில் எழும்புவது சோறு தொடங்கவேண்டிய அடையாளம் இல்லை. ஆறு மாத அளவில், கழுத்தை நேராகப் பிடித்து உட்கார்ந்து, சாமானைப் பார்த்துக் கையால் எடுத்து வாயில் வைத்து, துப்பாமல் விழுங்கத் தொடங்கினால் அதுதான் நேரம்.

இந்தக் கட்டத்தில் நமக்கு இருக்கும் வசதி பெரிது. போத்தலிலும் பையிலும் விற்கும் பிள்ளைச் சாப்பாட்டை ஒருபக்கம் வையுங்கள், பல பைகள் வெறும் பழ இனிப்பு. ரஸ்க்கிலும், ஊரில் இருந்து வரும் சில குழந்தை மாப் பேணிகளிலும் சீனி சேர்ந்திருக்கும், லேபலை வாசியுங்கள். மைசூர்ப் பருப்பும் சோறும் குழையக் காய்ச்சி ஒரு சொட்டு நெய், வத்தாளங்கிழங்கு, பூசணி, பழுத்த வாழைப்பழம், சீனி போடாத குரக்கன் கஞ்சி, பால் இடியப்பம் — எல்லாம் வீட்டிலேயே இருப்பவை. உறைந்த கீரையும் உறைந்த பட்டாணியும் பச்சையாக வாங்குவதைவிட மலிவு, சத்தும் குறையாது. ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்புச்சத்துத்தான் முதலில் குறையும். ஆகவே வெறும் கஞ்சியோடு நிற்காமல் பருப்பு, முட்டை, கோழி, தண்ணீரில் அடைத்த மத்தி ரின் மீன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்க முத்திரை போட்ட முட்டை என்றால் அரைவேக்காடும் பயமில்லை.

முட்டையையும் கச்சானையும் ஒவ்வாமைக்குப் பயந்து தள்ளிப்போடுவது பழைய வழக்கம். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை கூடலாம் என்பதுதான் இப்போதைய நிலைப்பாடு. ஆறு மாத அளவில் ஒவ்வொன்றாக, கொஞ்சமாகக் கொடுங்கள். கச்சானை மாவாகவோ, உப்பில்லாத மென்மையான பட்டராகவோ கஞ்சியில் கரையுங்கள். முழுக்கடலை ஐந்து வயது வரை கூடாது. பிள்ளைக்குக் கடும் எக்ஸிமாவோ ஏற்கெனவே ஒரு ஒவ்வாமையோ இருந்தால் டொக்டரைக் கேட்டபின் தொடங்குங்கள். முந்திரிகைப் பழத்தை (கிரேப்ஸ்) நீளவாட்டில் நாலாக வெட்டுங்கள்.

தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். சேனை வைக்கும் சடங்கு இருந்தால் தேன் இல்லாமல் செய்யுங்கள், அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமி கைக்குழந்தையின் நரம்பையே தாக்கும். உப்பும் சேர்க்கவேண்டாம். தனியாகச் சமைக்கத் தேவையில்லை: கறியில் உப்பும் தூளும் போடமுதல் பிள்ளையின் பங்கை எடுத்துவிடுங்கள். பிஸ்கட்டைப் பால்தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

சமைத்ததை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் நாளுக்கு இரண்டு கட்டி எடுத்துச் சூடாக்கலாம். சோற்றில் மட்டும் கவனம். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த நாளுக்குள் முடியுங்கள்.

நம் தோல் நிறத்துக்கு இங்கத்தைய வெயில் போதாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்ததில் இருந்தே நாளுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி வேண்டும். நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் பால்மா குடித்தால் அது தேவையில்லை, மாவிலேயே இருக்கிறது. ஹெல்தி ஸ்டார்ட் இல்லாதவர்களுக்கும் சில கவுன்சில்கள் துளிகளைச் சும்மா கொடுக்கின்றன, பிள்ளையை நிறுக்கப் போகும்போது கேளுங்கள்.

ஆறு மாதத்தில் இருந்து சமையலில் மாட்டுப்பால் சேர்க்கலாம், குடிக்கக் கொடுப்பது ஒரு வயதில்தான். அன்றோடு பால்மாவை நிறுத்தி நீல மூடிப் போத்தல் பாலுக்குப் போய்விடலாம். நாளுக்கு 400 மில்லிலீற்றர் அளவோடு நிறுத்துங்கள், கூடினால் பிள்ளை சோறு தின்னாது, இரத்தமும் குறையும். உறிஞ்சும் போத்தலை விட்டுக் கோப்பைக்கு மாறுவதும் அப்போதுதான். ஹெல்தி ஸ்டார்ட் தொகையும் அந்தப் பிறந்தநாளோடு பாதியாகும், பேணிச் செலவு இல்லாததால் அதிகம் உறைக்காது.