‘கட்’: எங்கே பாவிக்கலாம், எங்கே கவனம்

கொழும்பில் ‘கரண்ட் கட்’, ‘கோலைக் கட் பண்ணு’ என்று நாள் முழுக்கக் கதைக்கிறோம். லண்டன்காரரிடம் ‘ஐ கட் ஹிம்’ என்றால் கதை வேறு: தெரிந்த ஆளைக் கண்டும் காணாதமாதிரிப் போனீர்கள், அல்லது கத்தியால் கீறினீர்கள்! கோலை வைப்பதற்கு ‘ஹேங் அப்’ சொல்லுங்கள். பழைய போனில் ரிசீவரைக் கொக்கியில் மாட்டிய காலத்துப் பேச்சு அது.

வகுப்புக்கு ஒளிப்பது ‘கட் கிளாஸ்’. ‘கட் இட் அவுட்’ என்பது ‘போதும், நிப்பாட்டு’ என்ற அதட்டல். மேலதிகாரியிடம் வாய் தவறியும் வேண்டாம். ‘கட்’ என்ற சொல் போதைப்பொருளோடு வந்தால் கலப்படம் செய்வது.

இறந்தகாலத்திலும் ‘கட்’தான், ‘கட்டட்’ பிழை. பழைய ஆங்கிலத்தில் வெட்டுவதற்கு இன்றைய ‘கார்வ்’ (செதுக்கு) என்ற சொல்லின் மூதாதை இருந்தது, ‘கட்’ 1300 அளவில்தான் எழுத்தில் தலைகாட்டியது. அதன் பூர்வீகம் இன்னும் இழுபறி. ஸ்கண்டிநேவியப் பக்கம் என்பது பலருடைய கணிப்பு.