கடலோர வீட்டு மாடில சிவப்பு பட்டன் ரோஸ்: செடிய சாகடிக்கிற தப்புகள்

திருவான்மியூர்ல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கோம். மொட்டை மாடில 11 தொட்டி, அதுல 7 சிவப்பு பட்டன் ரோஸ், ரெண்டு ஆந்திரா ரோஸ். ஆரம்பத்துல வாங்குன செடி ஒன்னு கூட ஒரு கோடைய தாண்டல. வாங்கிட்டு வர்றப்போ கொத்து கொத்தா பூ இருக்கும், ஒரு மாசத்துல இலை நுனி பழுப்பாகும், அப்புறம் இலை ஓரம் பூரா தீஞ்ச மாதிரி சுருளும், கடைசில குச்சி தான் மிச்சம். செடி வண்டிக்காரர்கிட்ட கேட்டா "சத்து பத்தலக்கா, உரம் போடுங்க"ன்னார். போட்டேன், இன்னும் சீக்கிரமா செத்துச்சு. அது சத்துக்குறைவே இல்ல, உப்புன்னு புரியறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. நாம செடிக்கு நல்லதுன்னு நெனச்சு பண்ற பல வேலை அந்த உப்ப இன்னும் ஏத்துற வேலையா போயிடுது, அதத்தான் இங்க சொல்ல வந்தேன்.

முதல்ல தண்ணி. ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற வேஸ்ட் தண்ணிய பக்கெட்ல புடிச்சு ரோஜாவுக்கு ஊத்தாதீங்க. தண்ணிய வீணாக்கக்கூடாதுங்கற நல்ல மனசுல தான் எல்லாரும் பண்றோம், நானும் பண்ணேன். ஆனா கணக்கு பாருங்க, போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, 900ன்னு வைங்க, அதுல பாதி குடிக்கிற தண்ணியா போயி பாதி வெளிய வந்தா, கிட்டத்தட்ட மொத்த உப்பும் அந்த வெளிய வர்ற பாதில தான் இருக்கும், அதாவது 1,700ஐ தாண்டிடும். அரளி தாங்கும், காகிதப்பூ தாங்கும், ரோஜா தாங்காது. அந்த தண்ணிய வீடு தொடைக்க, பாத்ரூம் கழுவ வச்சுக்கங்க.

அப்பார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் போட்டிருந்தா அதுவும் கவனிக்கணும். அந்த மெஷின் தண்ணில இருக்குற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துட்டு பதிலுக்கு சோடியத்த விடும். சோப்பு நல்லா நுரைக்கும், பக்கெட்ல வெள்ளை படியாது, சரி நல்ல தண்ணின்னு நெனச்சுக்குவோம். டிடிஎஸ் மீட்டர்ல வச்சுப் பாத்தா நம்பர் பெருசா குறைஞ்சே இருக்காது. சோடியம் ஏற ஏற வேரும் கெடும், மண்ணும் இறுகிடும். சாஃப்ட்னருக்கு முன்னாடி இருக்குற பைப்ல புடிக்க முடிஞ்சா அங்க புடிங்க. அத விட நல்லது ஏசிலேந்து வடியுற தண்ணி, அதுல உப்பே கிடையாதுன்னு சொல்லலாம், கோடைல ராத்திரி முழுக்க ஏசி ஓடுற வீட்ல காலைல பக்கெட்ல கணிசமா சேந்திருக்கும். நான் அதையும் மெட்ரோ தண்ணியையும், அதான் சென்னை குடிநீர் வாரியத்து தண்ணி, கலந்து தான் ஊத்துறேன்.

இன்னொன்னு மீன் கழுவுன தண்ணி. ரோஜாவுக்கு அத ஊத்துனா பூ கொட்டும்னு எங்க அம்மா காலத்துலேந்து சொல்றாங்க, அதுல சத்து இருக்கறது உண்மை தான், ஆனா நாம மீன கல்லுப்பு போட்டு உரசி தானே கழுவுறோம்? உப்பு போடாம அலசுற முதல் தண்ணி மட்டும் எடுங்க, அதையும் நாலு மடங்கு நல்ல தண்ணி விட்டு ஊத்துங்க.

எவ்வளவு ஊத்துறோம்ங்கறதுல தான் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். "ரோஜாவுக்கு தண்ணி தேங்கக்கூடாது"ன்னு கேட்டு கேட்டு, தினமும் ஒரு சொம்பு தெளிச்சு விடுவேன். மேல் மண்ணு நனையும், கீழ ஒரு சொட்டு இறங்காது. செடி தண்ணிய மட்டும் குடிக்கும், வெயில்ல மிச்சம் ஆவியாகும், உப்பு மட்டும் அங்கயே நிக்கும். தினமும் கொஞ்சம், தினமும் கொஞ்சம். ஒரு நாள் மண் தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையா வரி வரியா உப்பு பூத்திருந்துச்சு, நகத்தால சுரண்டுனா பொடியா உதிருது, மண்ணு மேலயும் தண்டு ஓரமா அதே வெள்ளை வளையம். அத முன்னாடியும் பாத்திருக்கேன், பழைய தொட்டின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அந்த வெள்ளைய பாத்தீங்கன்னா மேல் மண்ண ஒரு இன்ச் வழிச்சு எடுத்துப் போட்டுட்டு புது மண்ணு போடுங்க.

ஊத்தும்போது கீழ ஓட்டை வழியா தண்ணி வெளிய வர்ற வரைக்கும் ஊத்தணும், மேல் மண்ணு ரெண்டு இன்ச் காஞ்சப்புறம் தான் அடுத்த தடவ. கோடைல மாசம் ஒரு தடவ உப்பு கழுவுறதுன்னு ஒன்னு பண்றேன், தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு நல்ல தண்ணி, 12 இன்ச் தொட்டின்னா 20 லிட்டருக்கு குறையாம, அரை மணி நேரம் விட்டு விட்டு மெதுவா ஊத்தி அப்படியே வடிய விடுறது. அடில தட்டு வச்சிருந்தா எடுத்துடுங்க, வடிஞ்ச உப்புத்தண்ணி தட்டுல நின்னா செடி அதையே திருப்பி உறிஞ்சும். டிசம்பர் கடைசிலேந்து பிப்ரவரி வரைக்கும் நம்ம ஊர்ல ரோஜா ஏன் அவ்ளோ நல்லா இருக்குன்னா பனி, இதமான வெயில்னு சொல்லுவோம், அதுவும் தான், ஆனா வடகிழக்கு மழை தொட்டில இருந்த ஒரு வருஷத்து உப்ப கழுவி விட்டுட்டு போயிருக்கும், அது பெரிய காரணம்.

மண்ணு கலவைக்கு வருவோம். பீச் மணல் ஒரு பிடி கூட வேண்டாம், எத்தனை தடவ அலசுனாலும் வேண்டாம், உப்பு போனாலும் அதுல இருக்குற கிளிஞ்சல் தூள் சுண்ணாம்பு தான், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். தேங்காய் நார்க்கழிவு, அதான் கோகோபீட், வாங்குனா அதுலயும் உப்பு இருக்கும், தேங்காய் மட்டையில இயல்பாவே பொட்டாசியம், சோடியம் உண்டு, உப்பங்கழி தண்ணில ஊறப்போட்ட மட்டைன்னா இன்னும் கூட. ராத்திரி ஊறவச்சு, காலைல பிழிஞ்சு, மூணு தண்ணி மாத்துங்க, முதல் தண்ணி டீ டிகாக்‌ஷன் மாதிரி வரும். என் கலவை செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, கழுவுன கோகோபீட் 1, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. நர்சரிலேந்து வர்ற செடி அடில களிமண் உருண்டை கல்லு மாதிரி இறுகி இருந்தா அரை மணி நேரம் தண்ணி பக்கெட்ல வச்சு இளக விட்டு, வெளிப்பக்கத்த மட்டும் உதிர்த்து நடுங்க, இல்லன்னா நாம ஊத்துறது உருண்டைக்குள்ள போகாம சுத்தி ஓடிடும்.

உரம். உரக்கடைல பொட்டாஷ்னு கேட்டா செங்கல் கலர்ல கல்லு கல்லா ஒன்னு குடுப்பாங்க, பெரும்பாலும் அது பொட்டாசியம் குளோரைடு, அதுல பாதிக்கு கிட்ட குளோரைடு தான். ஏற்கனவே உப்புல தவிக்கிற தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். சல்பேட் ஆஃப் பொட்டாஷ்னு கேட்டு வாங்குங்க, வெள்ளையா இருக்கும், விலை கூட, ஆனா ஒரு கிலோ மாடித்தோட்டத்துக்கு வருஷக்கணக்கா வரும். எப்சம் சால்ட்ட, அதான் மெக்னீசியம் சல்பேட்ட, மாசாமாசம் போட சொல்ற வீடியோ நிறைய இருக்கு, மெக்னீசியம் குறையாத செடிக்கு அதுவும் வெறும் உப்பு தான். 19:19:19ன்னு தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குற கரைக்கிற உரம் போட்டா லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல போகாதீங்க, 15 நாளைக்கு ஒரு தடவ போதும், அதுவும் முன்னாடி வெறும் தண்ணி ஊத்தி மண்ண நனைச்ச அப்புறம்.

கடல்காத்து. நமக்கு மத்தியானம் அது அடிச்சா தான் உயிரே வரும், இலைக்கு அப்படி இல்ல. ஒரு தடவ சாயங்காலம் பட்டன் ரோஸ் இலைய விரலால தடவி நாக்குல வச்சுப் பாத்தேன், கரிச்சுது. மருந்து அடிச்ச செடியில இத பண்ணிடாதீங்க, நான் அப்போ எதுவும் அடிக்கல. சின்ன இலை, நெருக்கமான இலைங்கறதால இடுக்குல எல்லாம் படியுது. வாரம் ரெண்டு நாள் காலைல 7 மணிக்குள்ள நல்ல தண்ணிய ஸ்ப்ரே பண்ணி இலை மேலயும் அடியிலயும் கழுவி விடுங்க, அடில உக்காந்திருக்குற சிவப்பு சிலந்திப் பூச்சியும் அதுல பாதி போயிடும். சாயங்காலம் கழுவாதீங்க, ராத்திரி பூரா ஈரம் நின்னா கரும்புள்ளி நோய் வரும்.

காத்த தடுக்க ஷீட் வச்சு அடைக்கறதும் சரியில்ல, காத்து ஷீட்டுக்கு மேல ஏறி இந்தப் பக்கம் சுழட்டி அடிக்கும். கடல் இருக்குற கிழக்குப் பக்கம் காகிதப்பூ தொட்டி வரிசையா வைங்க, இல்ல பச்சை நிழல்வலை கட்டுங்க, காத்து வடிகட்டி வரும். வெயில் 6 மணி நேரம் வேணும், ஆனா கத்திரி வெயில்ல மத்தியானத்துக்கு மேல நிழல் குடுங்க, சூட்டுல சிவப்பு பூ சின்னதாகி இதழ் ஓரம் கருகும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிய தளத்து மேல நேரா வைக்காம ரெண்டு செங்கல் மேல வைங்க.

கவாத்து பத்தி சுருக்கமா: அக்டோபர், நவம்பர்ல அடை மழை நேரத்துல பெருசா வெட்டாதீங்க, வெட்டுன இடத்துல தண்ணி நின்னு குச்சி மேலேந்து கறுத்து கீழ இறங்கும். மழை ஓய்ஞ்சு டிசம்பர் கடைசில வெட்டுங்க. ஒட்டு போட்ட செடின்னா ஒட்டுக்கு கீழேந்து வேகமா நெட்டையா வர்ற கிளை காட்டு ரோஜா, அத விட்டா மேல இருக்குற சிவப்பு செடிய தின்னுடும், அடியோட பிச்சு எடுங்க.

இப்போ உங்க செடி ஏற்கனவே ஓரம் கருகி நிக்குதுன்னா: உரம் எல்லாம் நிறுத்துங்க, மேல சொன்ன மாதிரி ஒரு தடவ உப்பு கழுவுங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. காலை வெயில் மட்டும் படுற இடத்துக்கு மாத்துங்க. காஞ்ச குச்சிய உள்ள பச்சை தெரியுற வரைக்கும் வெட்டுங்க, இருக்குற மொட்டையும் கிள்ளிடுங்க, மனசு வராது, ஆனா கிள்ளுங்க. உயிர் இருந்தா ரெண்டு மூணு வாரத்துல கணுவுல செம்பு கலர்ல துளிர் வரும். அந்த துளிர் விரிஞ்சு, நிறம் மாறி, முழு பச்சை இலையா ஆகுற வரைக்கும் உரத்த தொடாதீங்க.