வீட்டிலிருந்து பிளவுஸ் தைப்பவர்களுக்கு: வேலை தேங்காத ஒரு நாள்

தையல் தொழிலில் நேரம் கரைவது மெஷினில் அல்ல. வெட்டுவதிலிருந்து தைப்பதற்கும், தைப்பதிலிருந்து போனுக்கும் தாவுவதில்தான்.

முதல்நாள் இரவே மறுநாளைக்கான பிளவுஸ்களை எடுத்து, அளவு பிளவுஸ், துணி, ரசீது மூன்றையும் ஒரே பையில் போடுங்கள். பருத்தி லைனிங்கை (உள்பக்கம் வைக்கும் துணியை) அப்போதே தண்ணீரில் நனைத்துக் காயப்போடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணியை இழுத்துக்கொண்டு நிற்கும். பிரித்துத் தைக்கும் நேரத்தில் புது பிளவுஸே தைத்துவிடலாம்.

காலை வெளிச்சத்தில் அன்றைய வெட்டு முழுவதையும் முடியுங்கள். தவறாக வெட்டிய துணி திரும்ப ஒட்டாது. அந்நேரம் போனைத் தொடவே வேண்டாம். பிறகு நூல் நிறவாரியாக அடுக்கித் தையுங்கள். அடர் நிறங்கள் ஒருபுறம், வெளிர் நிறங்கள் ஒருபுறம். இரண்டு மூன்று பாபின்களை (அடிநூல் சுற்றும் சிறு உருளைகளை) முன்பே சுற்றி வைத்தால் பாதித் தையலில் எழ வேண்டியிருக்காது. கொக்கி, ஹெம்மிங் (ஓரம் மடித்துத் தைப்பது) எல்லாம் மதியச் சோர்வுக்கு.

அளவு கொடுக்க வருபவர்களுக்கு மாலை 5 முதல் 7 வரை என்று சொல்லிப் பழக்குங்கள்.

தேதி கொடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு நாளைக்கு 4 பிளவுஸ் தைக்க முடிந்தால் 3-க்கு மட்டும் தேதி கொடுங்கள். மீதி நேரம் ஆல்ட்டரேஷனுக்கும் மின்வெட்டுக்கும். தீபாவளி நெருக்கத்தில் இந்தக் கணக்கை இன்னும் கறாராக வையுங்கள்.

மூடும்முன் பாபின் கேஸ் பக்கம் சேர்ந்த பஞ்சைத் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டுங்கள். அப்படி ஓட்டாவிட்டால் காலையில் முதல் பட்டுத்துணியில் எண்ணெய்க்கறை விழும்.