போர்க்கால உரைகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

1940 ஜூன் 4. பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பி வந்து சேர்ந்த நேரம். பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் "கடற்கரைகளில் போரிடுவோம்" என்று முழங்குகிறார்; நாடே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுச் சிலிர்க்கிறது. இந்தக் காட்சியை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று சர்ச்சிலின் குரல் வானொலியில் வரவே இல்லை. அவர் பேசியது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில். அவையில் பேசுவதை ஒலிபரப்பும் வழக்கம் அப்போது கிடையாது. இரவுச் செய்தியில் பிபிசி அறிவிப்பாளர் உரையின் சில பகுதிகளைப் படித்தார். மறுநாள் செய்தித்தாள்களில் வந்தது. இன்று நாம் கேட்கும் அந்தக் கரகரத்த குரல், போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, 1949-இல் பதிவு செய்யப்பட்டது.

இது வெறும் தகவல் பிழை என்று விட்டுவிட முடியவில்லை. போர்க்கால உரை என்றதும் நாம் போய் நிற்பது பேசுகிறவரின் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் குரல், மேடை, ஆரவாரம்தான் தெரியும். நிற்க வேண்டியது எதிர்ப்பக்கத்தில்: முந்தைய போரில் அண்ணனைப் பறிகொடுத்தவர், படைக்குப் போகும் வயதில் மகனை வைத்திருப்பவர், "இந்தச் சண்டை நமக்கெதற்கு?" என்று கேட்பவர். அவர் மனதில் இருக்கும் எந்த மறுப்புக்கு இந்த உரை பதில் சொல்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் படிப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வது

அந்த ஜூன் 4 உரையையே எடுத்துக்கொள்வோம். நமக்கு நினைவிருப்பது கடைசிப் பத்தி. அதற்கு முன்னால் சர்ச்சில் வெகு நேரம் தோல்வியைப் பற்றித்தான் பேசினார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்தது மாபெரும் ராணுவப் பேரழிவு என்று அவர் வாயாலேயே சொன்னார். 30,000-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்ததை, கிட்டத்தட்ட 1,000 பீரங்கிகளையும் அங்கிருந்த வாகனங்கள் முழுவதையும் விட்டுவிட்டு வந்ததைக் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மீண்டுவந்த மகிழ்ச்சியில் நாடு மிதந்துகொண்டிருந்தபோது, இதை வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள், படையைத் திரும்பக் கூட்டிவந்து யாரும் போரில் ஜெயித்ததில்லை என்று தடுத்து நிறுத்தினார்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற கடைசிப் பத்தியை, அவர் சொன்ன வரிசையிலேயே படித்துப் பாருங்கள். பிரான்சில் போரிடுவோம். கடல்களில் போரிடுவோம். வானில் போரிடுவோம். அப்புறம் கடற்கரைகளில். அப்புறம் எதிரி வந்து இறங்கும் இடங்களில். அப்புறம் வயல்களில், தெருக்களில். கடைசியாக மலைகளில். இது எந்தத் திசையில் நகர்கிறது? முன்னேறிப் போகிற வரிசையே அல்ல இது, அடி அடியாகப் பின்வாங்குகிற வரிசை. எதிரி கடலைக் கடந்துவிட்டான், கரையேறிவிட்டான், ஊருக்குள் வந்துவிட்டான், நாம் மலைக்குப் போய்விட்டோம். கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவர் அடிவயிற்றிலும் இருந்த பயத்தை அவர் மறைக்கவில்லை. அதன் ஒவ்வொரு படியையும் பெயர் சொல்லி, ஒவ்வொரு படியிலும் "போரிடுவோம்" என்று ஆணி அடித்துக்கொண்டே போகிறார். அந்த வரியின் வலிமை அந்த நேர்மையில் இருக்கிறது என்பது என் எண்ணம். தோல்விக் கணக்கை வெட்டி எறிந்துவிட்டு முழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால், அது ஏன் வேலை செய்தது என்பது புரியாமலே போய்விடும்.

இன்னொன்று. அதே வாக்கியம் எப்படி முடிகிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. இந்தத் தீவே அடிமைப்பட்டாலும் கடலுக்கு அப்பால் பேரரசு போராடும், தக்க காலத்தில் புதிய உலகம் தன் வலிமையோடு பழைய உலகை மீட்க வரும் என்று முடிகிறது. புதிய உலகம் என்றால் அமெரிக்கா. காமன்ஸ் அவையில் நின்றுகொண்டு வாஷிங்டனுக்கும் சேர்த்துத்தான் அவர் பேசினார்.

கேட்டவர்களின் பயத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

அமெரிக்காவில் அப்போது நிலைமை வேறு. முதல் உலகப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்த நினைவு ஆறவில்லை. 1935 முதல் நடுநிலைச் சட்டங்களை அடுத்தடுத்துப் போட்டு, ஐரோப்பியச் சண்டைக்குள் இழுக்கப்படாமல் இருக்க நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பேச வேண்டியிருந்தது இந்த மக்களிடம்.

1940 டிசம்பர் 29 அன்று அவர் நிகழ்த்திய வானொலி உரையைத் தயங்கும் மக்களிடம் பேசுவதற்கான பாடமாகவே படிக்கலாம். முதல் வாக்கியமே, இது போரைப் பற்றிய பேச்சு அல்ல, தேசப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு என்று தொடங்குகிறது. கேட்பவர் மனதில் எழப்போகும் முதல் மறுப்பை, அது எழுவதற்கு முன்பே கையில் எடுத்துவிட்டார். அடுத்து அவர் போனது ஹிட்லரிடம் அல்ல. 1933-இல் வங்கிகள் முடங்கிக் கிடந்த இரவுக்குப் போனார். அன்று பேசத் தயாரானபோது ஆலைத் தொழிலாளி, கடையில் பொருள் விற்கும் பெண், சிறு கடைக்காரர், வசந்த காலத்துக்கு உழும் விவசாயி, சேமிப்பு என்ன ஆகுமோ என்று தவிக்கும் விதவைகள், முதியவர்கள் ஆகியோரின் முகங்கள் என் கண்முன் இருந்தன என்றார். அன்று நாம் சேர்ந்து மீண்டோம், இன்றும் அதே போலத்தான் என்பது அதன் பொருள். ஏற்கெனவே கிடைத்த நம்பிக்கையை முதலாக வைத்து இன்னொரு நம்பிக்கையைக் கேட்கிறார்.

தனக்கு வந்த ஒரு தந்தியைப் பற்றியும் அதே உரையில் சொன்னார். அமெரிக்க நகரங்கள் மீது குண்டு போடுவது எவ்வளவு எளிது என்று மறுபடி சொல்லாதீர்கள் என்று கெஞ்சிய தந்தி அது. அதன் சாரத்தை அவர் ஒரே வரியில் வைத்தார்: "உண்மைகளைச் சொல்லி எங்களைப் பயமுறுத்தாதீர்கள்." எதிர்த்தரப்பின் குரலைத் தன் உரைக்குள்ளேயே ஒலிக்க விட்டு, அதற்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்லும் முறை இது.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் சொன்ன உவமையும் இப்படித்தான். பக்கத்து வீடு தீப்பற்றி எரிகிறது, என்னிடம் தோட்டக் குழாய் இருக்கிறது. 15 டாலரை எடுத்து வை என்றா கேட்பேன்? தீயை அணைத்த பிறகு குழாயைத் திருப்பிக் கொடுத்தால் போதும். போர், ஆயுதம், கோடிக்கணக்கான பணம் எல்லாம் ஒரு குழாயாகச் சுருங்கிவிட்டது. பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுக்க வழி செய்த கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச் 11 அன்று கையெழுத்தானது.

இதில் எனக்கு உறுத்தும் ஓர் இடம் உண்டு. ஐரோப்பாவுக்குப் படை அனுப்புவோம் என்று யாராவது சொன்னால் அது வேண்டுமென்றே சொல்லப்படும் பொய் என்று டிசம்பர் 29 உரையில் ரூஸ்வெல்ட் அடித்துச் சொன்னார். அக்டோபரில் பாஸ்டனில் பெற்றோர்களைப் பார்த்து, உங்கள் பிள்ளைகளை அந்நியப் போர்களுக்கு அனுப்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். 1944 ஜூனில் அந்தப் பிள்ளைகள் நார்மண்டியில் இறங்கினார்கள். இடையில் நடந்தவை அவர் கட்டுப்பாட்டில் இல்லை என்று வாதிடலாம். ஹிட்லரை எதிர்த்தது சரி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனாலும், முதல் அடியை எடுக்கவைக்க "இரண்டாவது அடியே கிடையாது" என்று உறுதி தருவது போர் உரைகளில் திரும்பத் திரும்ப வரும் உத்தி. உரை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதைப் பார்க்காமல் தாண்டிப் போகக் கூடாது.

எல்லாப் புகழையும் பேச்சுக்கே கொடுப்பது

1941 டிசம்பர் 8 அன்று ரூஸ்வெல்ட் காங்கிரஸில் பேசினார். தட்டச்சு வரைவில் "உலக வரலாற்றில் வாழும் நாள்" என்று இருந்ததை அடித்து, "இழிவில் வாழும் நாள்" என்று தன் கையால் மாற்றினார். அந்த ஒரு சொல் உரையையே தூக்கி நிறுத்தியது உண்மைதான். போரை அறிவிக்கப் பிரதிநிதிகள் அவையில் 388-க்கு 1, செனட்டில் 82-க்கு 0 என்று வாக்கு விழுந்தது. ஆனால் அந்த 388 பேரை மனம் மாற்றியது பேச்சல்ல. முந்தைய நாள் பேர்ல் ஹார்பரில் விழுந்த ஜப்பானியக் குண்டுகள். ஓர் உரை ஏற்கெனவே மாறிவிட்ட மனதுக்குச் சொல் கொடுக்கிறதா, மாறாத மனதை மாற்ற முயல்கிறதா என்று பிரித்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பிவிடும். ரூஸ்வெல்ட்டின் கடினமான வேலை முந்தைய டிசம்பரில் நடந்தது.

முதல் உலகப் போர்க்கால அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனையும் பாருங்கள். 1916 தேர்தலில் "நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர்" என்ற முழக்கத்தோடு ஜெயித்தவர், 1917 ஏப்ரல் 2 அன்று ஜனநாயகத்துக்கு உலகம் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்று சொல்லிப் போர் கேட்டார். இடையில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டுப்பாடில்லாத தாக்குதலைத் தொடங்கியிருந்தன. மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்க ஜெர்மனி அனுப்பிய சிம்மர்மன் தந்தியும் அம்பலமாகியிருந்தது. சரி, உரைக்குப் பிறகாவது மக்கள் தாமாகத் திரண்டார்களா? கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் மே மாதத்திலேயே வந்தது. அதன்மூலம் சுமார் 28 லட்சம் பேர் படைக்கு எடுக்கப்பட்டார்கள். பொதுத் தகவல் குழு என்று ஓர் அரசு அமைப்பு உருவாக்கப்பட்டு, அதன் சார்பில் சுமார் 75,000 தன்னார்வப் பேச்சாளர்கள் திரையரங்குகளில் ரீல் மாற்றும் இடைவெளியில் எழுந்து போருக்கு ஆதரவாக நான்கு நிமிடம் பேசினார்கள். போர் எதிர்ப்புப் பேச்சைத் தண்டிக்க உதவிய உளவுச் சட்டமும் வந்தது. 1918-இல் ஒஹையோவின் கேன்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசிய சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு தலைவரின் பேச்சு மக்களை வென்றது என்று எழுதும் முன், எதிர்த்துப் பேசியவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று தேடிப் பாருங்கள்.

கைத்தட்டலை மக்கள் கருத்தாக எண்ணுவது

ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாகியிருந்தது. 1943 பிப்ரவரி 18 அன்று பெர்லின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் "உங்களுக்கு முழுப் போர் வேண்டுமா?" என்று கேட்டார். அரங்கம் "ஆமாம்" என்று அதிர்ந்தது. அந்தக் காட்சிப்பதிவைப் பார்த்து "ஜெர்மன் மக்கள் அப்படியே கட்டுண்டு கிடந்தார்கள்" என்று முடிவு கட்டுவது எளிது. உள்ளே இருந்தவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுத்து அழைத்து வரப்பட்டவர்கள். தளர்ந்துபோன நாட்டுக்கு, தளராத ஒரு கூட்டத்தை ஒலிபரப்பிக் காட்டினார்கள். அங்கே கைத்தட்டலும் உரையின் ஒரு பகுதிதான்.

சத்தமில்லாத உரையைச் சந்தேகிக்காமல் விடுவது

கத்துகிறவரைத்தான் நாம் சந்தேகிக்கிறோம். 1964 ஆகஸ்ட் 4 இரவு அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றியபோது கத்தவில்லை. வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மீண்டும் தாக்கப்பட்டதாகச் சொல்லி, பதிலடி அளவோடுதான் இருக்கும், போரை விரிவாக்க நாங்கள் விரும்பவில்லை என்று நிதானமாகப் பேசினார். ஆகஸ்ட் 2 அன்று தாக்குதல் நடந்தது உண்மை. 4-ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன தாக்குதல் நடக்கவே இல்லை. ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் அவை 416-க்கு 0, செனட் 88-க்கு 2 என்று அவருக்கு அதிகாரம் கொடுத்தது. நிதானமான குரலில், பொறுப்பான சொற்களில், நடக்காத ஒன்றை அடித்தளமாக வைத்து வியட்நாம் போர் விரிந்தது. உரையின் அழகை அளப்பதற்கு முன் அது எந்தத் தகவல்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

உணர்ச்சி மட்டும்தான் வேலை செய்யும் என்று நினைப்பது

இதை மறுக்க எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆபிரகாம் லிங்கன். கெட்டிஸ்பர்க் உரையைச் சொல்லவில்லை. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பு, 1863 ஆகஸ்ட் 26 என்று தேதியிட்டு, இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்துக்கு அவர் எழுதி அனுப்பிய கடிதம். தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதால் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஜூலையில்தான் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துப் பெரும் கலவரம் நடந்திருந்தது. அடிமைகளை விடுவிக்கும் பிரகடனம் பிடிக்காததால், போரையே கைவிட வேண்டும் என்று வடக்கிலேயே பலர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

லிங்கன் நேராக அவர்களிடமே பேசினார். உங்களுக்குச் சமாதானம் வேண்டும், அது வராததற்கு என்னைக் குறை சொல்கிறீர்கள். வழி மூன்றுதான் என்று எண்ணிக் காட்டினார். ஆயுத பலத்தால் கிளர்ச்சியை அடக்குவது: இதற்கு நீங்கள் சம்மதமா? சம்மதம் என்றால் அந்த அளவுக்கு நாம் ஒன்று. இல்லையென்றால், ஒன்றியத்தை விட்டுக்கொடுப்பது: இதற்குச் சம்மதமா? சம்மதம் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஏதோ ஒரு சமரசம். அது ஏன் நடக்காது என்பதையும் விளக்கினார். பிறகு மிகவும் கசந்த இடத்துக்கு வந்தார். கறுப்பினத்தவரை விடுவிக்கப் போரிட மாட்டோம் என்கிறீர்கள்; அவர்களில் சிலர் உங்களுக்காகப் போரிடத் தயாராக இருப்பதாகத் தெரிகிறது. நமக்காக உயிரைப் பணயம் வைக்கிறவர்களுக்கு விடுதலை என்ற வாக்கைக் கொடுத்திருக்கிறோம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

கண்ணீர் இல்லை, முழக்கம் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் மறுப்பு ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்கிறார். நேரில் போக முடியாததால் கூட்டத்தில் படிக்கும் பொறுப்பைத் தன் நண்பர் ஜேம்ஸ் கான்க்லிங்கிடம் கொடுத்தார். கூடவே ஒரு சிறு குறிப்பும் அனுப்பினார். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள், ஒரே ஒரு யோசனைதான்: மிக மெதுவாகப் படியுங்கள்.